விலைப்பட்டியல் கோப்புகளை இனி எவ்வாறு படிக்கவிருக்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும் புத்தகக் கடை உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியலை உங்கள் இணையக் கடையில் ஏற்றித் தரும் பணியை நாங்கள் செய்துவருகிறோம். வரும் மாதத்திலிருந்து இந்தப் பட்டியல்களை, டேப் (விசைப்பலகையின் Tab விசை இடும் இடைவெளிக் குறி) கொண்டு பிரிக்கப்பட்ட உரைக் கோப்பாக மட்டும் பெற்றுக்கொள்வதென முடிவு செய்திருக்கிறோம். அதற்கான காரணத்தையும், கோப்பு வந்தபின் எங்களிடம் நடப்பதையும், உங்கள் கவனம் தேவைப்படும் இடங்களையும் விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட கோப்புகளே இதுவரை பெரும்பாலும் வந்துகொண்டிருந்தன. ஆனால் புத்தகத் தலைப்பிலும், ஆசிரியர், தொகுப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்று பெயர்களை அடுக்கும் இடத்திலும், 1,250 என்று எழுதும் விலையிலும் காற்புள்ளி இயல்பாகவே வருகிறது. டேப் அவ்வாறு தலைப்புக்குள் வருவது மிக அரிது. ஆகவே எது தரவு, எது பிரிப்பான் என்ற குழப்பம் பெருமளவு நீங்கிவிடுகிறது.

கோப்பைப் படிப்பது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு நிரல். இத்தகைய கோப்புகளைப் படிப்பதற்காக அம்மொழியோடு வரும் சிஎஸ்வி தொகுதியில் டிக்ட்ரீடர் என்றொரு கருவி உண்டு. பிரிப்பான் டேப் என்று அதற்குச் சொல்லிவிட்டால், கோப்பின் முதல் வரியை நெடுவரிசைகளின் பெயர்களாக எடுத்துக்கொண்டு, அடுத்து வரும் ஒவ்வொரு வரியையும் ஓர் அகராதியாக, அதாவது பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடும் பட்டியலாக, ஆக்கித் தரும். அந்த அகராதியிடம் 'தலைப்பு' என்று கேட்டால் தலைப்பும், 'விலை' என்று கேட்டால் விலையும் கிடைக்கும். எனவே நெடுவரிசைகளை நீங்கள் முன்பின்னாக மாற்றி வைத்தாலும் எங்களுக்குக் குறையில்லை; ஆனால் 'விலை' என்பது அடுத்த மாதம் 'விலை ரூ.' என்று மாறினால் நிரலுக்கு அது வேறொரு நெடுவரிசையாகிவிடும். முதல் வரியில் உள்ள பெயர்களை மட்டும் மாற்றாமல் வைத்திருங்கள்.

இவ்வாறு கிடைத்த வரிகளை, ஒவ்வொரு நூலுக்கும் உரிய 13 இலக்க அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணைத் திறவுகோலாக, அதாவது தேடும் பெயராக, கொண்ட இன்னொரு பெரிய அகராதிக்குள் சேர்க்கிறோம். நாங்கள் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். ஒரே திறவுகோலுக்கு இரண்டாவது மதிப்பு வந்தால், பைத்தானின் அகராதி எவ்வித எச்சரிக்கையும் தராமல் முதலாவதை நீக்கிவிட்டு இரண்டாவதை வைத்துக்கொள்ளும். இப்போது எக்செலின் வழக்கத்தைப் பாருங்கள்: பொது வடிவமைப்பில் உள்ள கட்டத்தில் 13 இலக்க எண்ணை இட்டால், 9.78818E+12 என்ற சுருக்கிய அறிவியல் குறியீடாக அதைக் காட்டும். உரைக் கோப்பாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதையே எழுதும்; மீதி இலக்கங்கள் கோப்பில் இராது. ஒரு பதிப்பகத்தின் எண்கள் அனைத்துக்கும் முதல் சில இலக்கங்கள் பொதுவானவை என்பதால், முந்நூறு புத்தகங்கள் கொண்ட பட்டியலும் ஒரே திறவுகோலுக்குள் சுருங்கி, கடைசி வரியில் இருந்த ஒரே ஒரு புத்தகமாக நின்றுவிடக்கூடும். ஐஎஸ்பிஎன் இல்லாமல் சொந்தக் குறியீடு வைத்திருப்பவர்களுக்கு 0047 என்பது 47 ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. எண்களை உள்ளிடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் உரை வடிவமாக மாற்றிவிட்டால் இவ்விரண்டுமே நேராது. எங்கள் பக்கத்தில், ஒரு திறவுகோல் இரண்டாம் முறை வந்தவுடன் நிரல் நின்றுவிடும்படி எழுதியிருக்கிறோம்.

அடுத்தது எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. எக்செலில் 'டேப் பிரித்த உரை' என்ற சாதாரணத் தெரிவைப் பயன்படுத்தினால் தமிழ் எழுத்துகள் யாவும் கேள்விக்குறிகளாகிவிடும். அக்கோப்பிலிருந்து அவற்றை மீட்க எவராலும் இயலாது. 'யூனிகோடு உரை' என்ற தெரிவையே பயன்படுத்துங்கள். அது உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடின் குறியாக்கங்களுள் ஒன்றான யுடிஎஃப்-16 இல் அமையும். கூகுள் ஷீட்ஸிலிருந்து பதிவிறக்கும் டேப் கோப்பு அதன் இன்னொரு குறியாக்கமான யுடிஎஃப்-8 ஆக அமையும். கோப்பின் தொடக்க பைட்டுகளைப் பார்த்து இரண்டையும் நிரல் அடையாளம் கண்டுகொள்ளும். யுடிஎஃப்-8 கோப்புகள் சிலவற்றின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்காவிட்டால் முதல் நெடுவரிசையின் பெயரே பொருந்தாமல் போகும் என்பதால் அதையும் நாங்களே நீக்கிவிடுகிறோம்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அகராதிக்கு அவை இரு வேறு சொற்கள். படித்தவுடன் எல்லாச் சொற்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆனால் 'கௌ' என்பதன் இரண்டாம் பகுதிக்கு ளகரத்தையோ, காலுக்குப் பதில் ரகரத்தையோ தட்டச்சு செய்திருந்தால் அது உண்மையான எழுத்துப் பிழை. அதை நிரல் திருத்தாது. திருத்தவும் கூடாது என்பதே எங்கள் கருத்து, ஏனெனில் நூலாசிரியர் ஒருவரின் பெயரை ஊகித்து மாற்றும் உரிமை எங்களுக்கு இல்லை.

மேற்கோள் குறி பற்றி ஒரு வேண்டுகோள். கட்டத்துக்குள் காற்புள்ளியோ இரட்டை மேற்கோளோ இருந்தால் எக்செல் அதைச் சுற்றித் தானாகவே மேற்கோள் இடும். வேறு பல கணக்கு மென்பொருள்கள் இடுவதில்லை. எக்செல் முறைப்படி படிக்கும்போது, மேற்கோளோடு தொடங்கி முடியாமல் விடப்பட்ட ஒரு தலைப்பு வந்தால், அடுத்த மேற்கோள் குறி வரும்வரை உள்ள வரிகள் அனைத்தும் அத்தலைப்புக்குள் போய்விடும். ஆகவே உங்கள் கோப்பு எந்த மென்பொருளிலிருந்து வருகிறது என்பதை ஒருமுறை எங்களுக்கு எழுதித் தெரிவித்தால், அதற்கேற்ற முறையை உங்கள் கணக்கில் பதிந்துகொள்வோம்.

ஒரு வரியில் நெடுவரிசை கூடினாலோ குறைந்தாலோ, விலை எண்ணாக இல்லாவிட்டாலோ, கோப்பு முழுவதையும் நிறுத்திவைத்து, எந்த வரியில் என்ன பிழை என்று குறிப்பிட்டு உங்களுக்கு அனுப்புவோம். சரியான வரிகளை மட்டும் ஏற்றிவிடலாமே என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். பாதி பழைய விலையும் பாதி புதிய விலையுமாக ஒரு கடை திறந்திருப்பது, ஒரு நாள் தாமதத்தைவிட வாசகருக்கும் உங்களுக்கும் அதிக இழப்பைத் தரும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். திருத்திய கோப்பு வந்து சேரும்வரை உங்கள் கடையில் பழைய பட்டியலே மாற்றமின்றி இருக்கும்.

இம்மாதம் முடிவதற்குள் பத்து வரிகள் கொண்ட மாதிரிக் கோப்பு ஒன்றை, வழக்கமாகப் பட்டியல் அனுப்பும் மின்னஞ்சல் முகவரிக்கே அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விலைப்பட்டியல் பிரிவினர்