பழைய டெஸ்க்டாப்பை வீட்டின் ஃபைல் சர்வராக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

இரண்டு கோர் செயலியும் 4 ஜிபி ரேமும் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்று இன்று மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் அலமாரியின் கீழ்த்தட்டில் எங்கள் ஃபைல் சர்வராக, அதாவது வீட்டார் எல்லோரும் கோப்புகளை வைத்து எடுக்கும் பொதுக் கணினியாக, இரவும் பகலும் ஓடுகிறது. வீட்டுப் படங்கள், கணக்குகள், பிள்ளைகளின் பாடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இன்னாருக்கு இன்னதற்காக என்று பிரித்துச் சொன்னால்தான் நன்றிக்குப் பொருள் உண்டு. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி தெருமுனைக் கணினிக் கடை அண்ணாச்சிக்கு. லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுமுன் பெட்டியைத் திறக்கச் சொன்னவர் அவர்தான். மதர்போர்டில் கண்டென்சர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்த்தார், தூசியை ஊதினார், தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைத்தார், சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினார். அந்த 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிடும். சர்வருக்கு வேண்டிய இரண்டு முக்கிய அமைப்புகள் அங்கேதான் இருக்கின்றன. கரண்ட் திரும்பியதும் தானே ஆன் ஆக வேண்டும் என்பது ஒன்று. கீபோர்டு இல்லை என்று பாதியில் நின்றுவிடக் கூடாது என்பது மற்றொன்று.

ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டி ரேமைச் சோதிக்க வைத்தவரும் அவரே. ரேம் கெட்டிருந்தால் சர்வர் உடனே நின்றுவிடும் என்றில்லை. எழுதும் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டே இருக்கலாம். பழைய நான்கு முள் பவர் வயரிலிருந்து சாட்டா டிஸ்க்குக்கு மாற்றும் இணைப்பியில், பிளாஸ்டிக்கை வார்த்து மூடிய வகையைத் தர அவர் மறுத்தார். அதற்குள் வயர்கள் நெருங்கி, நாளடைவில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். வயர்களைத் தனித்தனியாகக் கவ்விப் பிடிக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும்.

கேபிள் இழுத்துக் கொடுத்த தம்பிக்கு நன்றி. கிகாபிட் வேகத்துக்கு கேபிளின் எட்டுக் கம்பிகளும் சரியாகப் பதிந்திருக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். மற்ற நான்கில் ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டால் (முனை இணைப்பியில் இறுகப் பதியாவிட்டால்), எந்தப் பிழையும் காட்டாமல் வேகம் 100க்கு இறங்கிவிடும். வினாடிக்கு 110 எம்பி போக வேண்டியது 11 எம்பியில் ஊரும். 100 ஜிபி படங்களை ஏற்றக் கால் மணி நேரம் ஆவதற்குப் பதில் இரண்டரை மணி நேரம் ஆகும். டிஸ்க்கையும், கோப்புகளைப் பகிரும் சாம்பா நிரலையும் சந்தேகிக்குமுன் ஈதர்டூல் கட்டளையில் வேகத்தைப் பாருங்கள். தம்பி இரண்டு முனைகளையும் வெட்டி மறுபடி கிரிம்ப் செய்த பிறகு முழு வேகம் வந்தது.

வாட் மீட்டரை இரவல் தந்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறோம். 50 வாட் இழுக்கும் கணினிக்கு ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். தனி கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுவது முதல் சேமிப்பு. அவர் சொன்ன இன்னொன்று: வீட்டு இன்வர்ட்டரில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் நீளமாக இருப்பதால், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகும்.

நேரில் பார்க்காதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1993 ஆகஸ்டில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைத் தொடங்கிய இயன் மர்டாக் இன்று நம்மிடையே இல்லை. தன்னார்வலர்கள் அதை இன்றும் நடத்துகிறார்கள். பழைய கணினிக்கு எங்கள் முதல் தேர்வு அதுதான். கேன்பராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் வெளியிட்ட நிரலே பின்னாளில் சாம்பா ஆனது. எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி எடுத்த பெயர் அது. அவரும் பால் மெக்கராஸும் 1996இல் தந்த ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலைத்தான் இரவு நகலுக்கு நம்பியிருக்கிறோம். ஈர்ப்பலை ஆய்வாளர் புரூஸ் ஆலன் தொடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்கிறது. அதில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்பு ஏறத் தொடங்கினால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். 199 மட்டும் ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும்.

எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்கை எழுதும்போது எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பாமல், தனி அடையாள எண்ணான யூயூஐடியைப் பயன்படுத்தச் சொன்ன கல்லூரி மாணவிக்குத் தனி நன்றி. பூட் ஆகும்போது அந்தப் பெயர்கள் இடம் மாறலாம். கூடவே நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னார். அது இல்லாமல் ஒரு டிஸ்க் கழன்றிருந்தால் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்து அவசர நிலைக்குள் போய்விடும். திரை இல்லாத சர்வருக்குள் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகவும் நுழைய முடியாது. தூங்கும் வசதிகளை சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் கட்டளையால் அடைத்தவரும் அவரே. டெஸ்க்டாப் சூழலோடு நிறுவிய கணினி, யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடக்கூடும். 4 டிபி டிஸ்க்கில் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறை ரூட்டுக்கென்று (நிர்வாகி கணக்குக்கென்று) ஒதுக்கும் 5 சதவீதம் 200 ஜிபி. தரவு மட்டும் இருக்கும் டிஸ்க்கில் ட்யூன்2எஃப்எஸ் மூலம் அதை 1 சதவீதமாக்கலாம்.

சாம்பாவில் அம்மா போட்ட கோப்பை மகளால் திருத்த முடியாமல் போவதற்குக் காரணம், புதுக் கோப்பின் அனுமதிகளை வரையறுக்கும் கிரியேட் மாஸ்க். இயல்பில் 0744 என்று இருப்பதால் குழுவுக்கு எழுதும் உரிமை இல்லை. 0664 என்று மாற்றி, பகிர்வுக் கோப்புறைக்கு 2775 அனுமதி கொடுத்து, எல்லோரையும் ஒரே குழுவில் சேருங்கள். லினக்ஸ் கடவுச்சொல் சாம்பாவுக்குச் செல்லாது. ஒவ்வொருவருக்கும் எஸ்எம்பிபாஸ்வேர்டு (smbpasswd) கட்டளையில் தனியாக வைக்க வேண்டும். பழைய டிவிக்காக, பாதுகாப்பற்ற பழைய பதிப்பான எஸ்எம்பி1ஐத் திறந்துவிடாதீர்கள். சாம்பா பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டை ரூட்டரில் வெளியே திறக்கவே கூடாது.

நாட்டுப்புறப் பாட்டுப் பதிவுகளை நீண்ட தமிழ்ப் பெயர்களோடு சேமித்திருந்த தமிழ் டீச்சருக்கு இங்கே தலை வணங்குகிறோம். அவருடைய விண்டோஸ் டிஸ்க்கில் இருந்த சில கோப்புகள் சர்வருக்கு வர மறுத்தன. எக்ஸ்ட்4 ஒரு பெயருக்கு 255 பைட்தான் தரும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ 3 பைட். ‘கி’, ‘க்’ ஆகியவை 6 பைட். ஆக, சில பெயர்கள் 45 எழுத்தைத் தாண்டினாலே இடிக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வேறு கணக்கில் எண்ணுவதால் அங்கே அதே பெயர் எளிதாக இடம் பெற்றுவிடுகிறது. டீச்சரே உட்கார்ந்து ஊர்ப் பெயரையும் பாடியவர் பெயரையும் கோப்புறைகளுக்கு மாற்றி, கோப்புக்குத் தேதியையும் பாட்டின் முதலடியையும் மட்டும் விட்டார். தேதியின் எண்கள் தலைக்கு ஒரு பைட்தான். தமிழ்ப் பெயரை விட்டு ஆங்கிலத்துக்குத் தாவாமல் அவர் கண்ட இந்த வழி எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே எழுதும் ரெய்டு 1 போட்டால் நகல் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. தவறி அழித்த கோப்பு ரெய்டின் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். அதனால் இரவு 2:30 மணிக்கு ஆர்சிங்க் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறது. இதிலும் ஒரு பள்ளம் உண்டு: நகல் டிஸ்க் மவுண்ட் ஆகாத (தன் கோப்புறையோடு இணையாத) நாளில் ஆர்சிங்க் அந்த வெற்றுக் கோப்புறைக்குள்ளேயே எழுதித் தள்ளி, இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதியை நிரப்பி, கணினியையே முடக்கிவிடும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதித்து, டிஸ்க் இல்லையென்றால் வெளியேறச் செய்யுங்கள்.

கடைசியாக, மூன்றாவது டிஸ்க்கைத் தன் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துக் காக்கும் அத்தைக்கு நன்றி. ஒரே வீட்டில் இடியோ திருட்டோ நேர்ந்தாலும் அது தப்பும். அத்தை, வருகிற மாதமும் முதல் ஞாயிறு காலை டிஸ்க்கை மாற்றி எடுக்க வருகிறோம்; பழையதை அந்த ஸ்பான்ச் உறையிலேயே வைத்திருங்கள்.

அன்புடன்,
சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள்