உன் கரடி

அன்புள்ள முரளிக்கு,

அப்பா எழுதுவது. போனில் கேட்டால் "எல்லாம் நல்லாதான் இருக்குப்பா" என்பாய், அதனால்தான் காகிதம். தீபாவளி அன்று அம்மா நாலரைக்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ ராத்திரி ஒரு வரி அனுப்பினாய். குறையாகச் சொல்லவில்லை. முறுக்கு இந்தத் தடவை கருகிவிட்டது. அல்சூரில் வேறு சேதி இல்லை.

உன் கரடி செத்துப்போனதைப் படித்தேன். ஆராய்ச்சிக்காரர்கள் 399 என்று எண் வைத்திருந்தார்களே, அவள்தான். நீ 2021இல் அனுப்பிய படம் இன்னும் என் போனில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கார்கள் நிற்க, நாலு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டுகிறாளே, அது. பூக்கார அம்மாவிடம்கூட "என் பையன் எடுத்தது" என்று காட்டியிருக்கிறேன். 24 வயதில் நாலு குட்டி என்றால் சும்மாவா! இப்போது 28. ஆண் கரடிகளுக்குப் பயந்து ரோட்டோரமாகவே குட்டிகளை வளர்த்தாள் என்கிறார்கள். கடைசியில் ரோட்டில்தான் போயிருக்கிறாள்.

அக்டோபர் 22 ராத்திரி, உங்கள் அமெரிக்காவில், வயோமிங்கின் ஜாக்சன் ஊருக்குத் தெற்கே, ஸ்நேக் ஆற்றுப் பள்ளத்தாக்கில். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ஐடஹோவுக்குத் திரும்புவது அதே ரோடுதானே? மேப்பில் பார்த்தேன். ஓட்டியவர் வேகமாக வரவில்லை என்று விசாரணையில் தெரிந்ததாம். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

வண்டி எப்படி இருக்கிறது? உன் வண்டி பட்டறையில் கிடப்பதாக சுதா பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொன்னாளாம். சர்வீஸாகத்தான் இருக்கும். முன்விளக்கு இரண்டும் ஒழுங்காக எரிகிறதா பார். இருட்டின பிறகு ஓட்டாதே. ஒரு மிருகம் தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று வரும், அவசரப்பட்டு எடுத்துவிடாதே. இருட்டின பிறகு ஓட்டவே வேண்டாம், என்ன வேலையாக இருந்தாலும்.

பந்திப்பூர் காட்டு ரோட்டில் ராத்திரி ஒன்பதுக்கு கேட்டை மூடினால் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். 2009இல் வந்த தடை. நாம் பெரியத்தை வீட்டுக் கல்யாணத்துக்குக் கூடலூர் போனது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். குண்டல்பேட்டையில் சாப்பிட்டுவிட்டு, காட்டுக்குள் நுழையும்போதே பத்து மணி. மாப்பிள்ளை அழைப்புக்கு வரவில்லையே என்று பெரியத்தை ஏற்கெனவே போனில் கத்தியிருந்தாள். எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். டொக்கென்று ஒரு சத்தம். பின்சீட்டிலிருந்து நீ "என்னப்பா அது?" என்றாய். "பள்ளம்" என்றேன்.

பள்ளமில்லை முரளி. புள்ளிமான். பின்விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில், கண்ணாடியில் பார்த்தேன். முன்கால் இரண்டையும் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தது. பின்பக்கம் வரவில்லை. நான் நிறுத்தவில்லை. யானை நிற்கும் இடம் என்று அம்மாவிடம் சொன்னேன். யானைக்குப் பயப்படவில்லை, கேஸாகிவிடுமோ என்றுதான் பயந்தேன். விடியற்காலை மாமா எழுவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப்போய் பம்பரைக் கழுவினேன். நம்பர் பிளேட் இடுக்கில் பழுப்பு மயிர், நடுவே கொஞ்சம் வெள்ளை. துணியில் வரவில்லை, நகத்தால் எடுத்தேன். திரும்பினால் நீ படியில் நிற்கிறாய். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எப்போதும் முன்சீட்டுக்குச் சண்டை போடுகிறவன், ஊர் திரும்பும்போது பின்னாலேயே உட்கார்ந்துகொண்டாய்.

உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீ பேசாமல் இருக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வருகிறது. பேசாமல் இருக்க உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தானோ என்னவோ.

பருப்புப்பொடி ஒரு கிலோ பார்சலில் வருகிறது, ஈரம் படாமல் வை. ராத்திரி ஓட்டாதே. அம்மா இப்போதெல்லாம் சீக்கிரம் தூங்கிவிடுகிறாள். பத்து மணிக்கு மேல் ஹாலில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருப்பேன், போனும் பக்கத்தில்தான் இருக்கும்.

அப்பா