பதினேழா, பதினாறா? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. இத்தனை நாள் கழித்து எழுதுகிறாய். நலம் விசாரித்து இரண்டு வரி, மீதி நான்கு பக்கமும் கார். நீ மாறவே இல்லை, சந்தோஷம். என் பக்கத்துச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. ரிம்மின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் பொடி எழுத்துகளை இனி யாரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு நேரம் நிறைய இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் போர்ஷே 911 எஸ்சி இப்போது நன்றாக இறங்கி நிற்கிறது, பார்க்கவே அழகாக இருக்கிறது. என்ஜின் வேலையும் டார்ஷன் பார் (ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பி) மாற்றமும் முடிந்துவிட்டன, வீல் மட்டும்தான் பாக்கி என்கிறாய். உன் மகன் பிற்காலத்து 911 மாடலான 993-இன் 17 இன்ச் வீல் ஒரு செட் பார்த்து வைத்திருக்கிறான், அகலம் முன்னால் 7 இன்ச், பின்னால் 9, இரண்டுமே ஈடி 55 (ஈடி என்பது ஆஃப்செட் எண், கீழே விளக்குகிறேன்). "அதே போர்ஷேதானே, அப்படியே மாட்டிவிடலாம்" என்கிறானாம்.

மாட்டலாம்தான். 5 ஸ்டட் (வீலை இறுக்கும் திருகாணி), அவை நிற்கும் வட்டம் 130 மி.மீ., நடு ஓட்டை 71.6 மி.மீ., எல்லாம் ஒன்றே. வீல் மாட்டும் ஹப்பில் வைத்தால் உட்கார்ந்துவிடும். அதனால்தான் பலரும் இதில் சிக்குகிறார்கள். ஸ்டட் பொருந்துவது ஒரு விஷயம், வீல் காருக்குப் பொருந்துவது வேறு விஷயம்.

உனக்குத் தெரிந்ததுதான், மகனுக்காக எழுதுகிறேன். ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போடு. ஹப்பில் ஒட்டி உட்காரும் பரப்பு அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். ஈடி எண் கூடினால் வீல் காருக்குள் போகும், குறைந்தால் வெளியே வரும். ஆனால் ஆஃப்செட்டைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அகலத்தோடு சேர்த்து, ரிம்மின் உள் விளிம்பு ஹப்பிலிருந்து எவ்வளவு தூரம், வெளி விளிம்பு எவ்வளவு தூரம் என்று இரண்டு எண்ணாக மாற்ற வேண்டும். பாதி அகலத்தோடு ஈடியைக் கூட்டினால் உள்பக்கம், கழித்தால் வெளிப்பக்கம். அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கை உன் கார் காலத்து 911-களுக்கு வந்த ஃபூக்ஸ் (போர்ஷேவுக்கு வீல் செய்து தந்த நிறுவனம்) வீல்களில் போட்டுப் பார், ரசிப்பாய். 6 இன்ச் வீல் ஈடி 36. பாதி அகலம் 76.2, கூட்டினால் 112.2. 7 இன்ச் வீல் ஈடி 23.3. 88.9-உடன் கூட்டினால் அதே 112.2. 8 இன்ச் வீல் ஈடி 10.6. 101.6-உடன் கூட்டினால் மறுபடி 112.2! மூன்றுக்கும் உள் விளிம்பு ஒரே இடத்தில் நிற்கிறது. கூடுகிற ஒவ்வொரு இன்ச்சும் முழுதாக வெளிப்பக்கம் போகிறது. சஸ்பென்ஷன் பக்கம் எதையும் தொடாமல், ஃபெண்டரை (வீலுக்கு மேலுள்ள மட்கார்டை) மட்டும் அகலப்படுத்தி அகல வீல் போட்டார்கள் என்பது இந்த மூன்று எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான வழியும் அவர்களிடம் உண்டு. 7ஆர் என்று சொல்கிறார்களே, 15 இன்ச்சில் 7 அகலம், ஈடி 49. அதன் வெளி விளிம்பு 88.9-இலிருந்து 49 போக 39.9. சாதாரண 6 இன்ச் வீலுக்கு 40.2. அதாவது ஃபெண்டர் ஒல்லியாகவே இருக்கட்டும், கூடுகிற அகலம் உள்பக்கம் போகட்டும் என்று செய்த வீல்.

இப்போது மகன் பார்த்த வீலுக்கு வருவோம். முன்பக்கம் 7, ஈடி 55: உள்பக்கம் 143.9. உன் காரில் இப்போது இருப்பது 112.2. கிட்டத்தட்ட 32 மி.மீ. உள்ளே போகிறது, நேராக ஸ்ட்ரட்டை (முன் சஸ்பென்ஷனின் நிமிர்ந்த தூணை) பார்த்து. அதே 32-க்கு ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு) வைத்தால் 7 இன்ச் ஃபூக்ஸ் நிற்கிற இடத்தில் சரியாக வந்து நிற்கும், முன்பக்கத்துக்கு அது ஒரு வழி. பின்பக்கம்தான் தலைவலி. 9, ஈடி 55: உள்பக்கம் 169.3. பழைய உள் விளிம்புக்கே கொண்டு வர 57 மி.மீ. ஸ்பேசர் வேண்டும். அப்படி வைத்தால் வெளி விளிம்பு 116-க்குப் போகும், இப்போதைய 7 இன்ச் வீலைவிட 51 மி.மீ. வெளியே. அதற்கு டர்போ காரின் ஃபெண்டர்தான் வேண்டும். நடுவில் ஒரு சமரசமாக 28 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் வெளி விளிம்பு 87 அளவில் அடங்கும், 8 இன்ச் ஃபூக்ஸுக்கு 91 என்பதால் அது சரி. ஆனால் உள்பக்கம் இப்போதைவிட 29 மி.மீ. தள்ளிப் போகிறது, அதன் மேல் 255 மி.மீ. அகல டயரின் பக்கச்சுவரும் உப்பும். பின் வீலைத் தாங்கும் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் அதற்கு இடம் விடுகின்றனவா என்று உன் காரில் அளந்தால் மட்டுமே தெரியும். வேறொருவர் காரில் நின்றது என்பது சாட்சி ஆகாது, ஏனென்றால் உன்னுடையது இறக்கிய கார்.

ஸ்பேசர் வைத்தால் பேரிங் போய்விடும் என்று நீ எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். பேரிங்குக்குத் தெரிவது கடைசியில் வரும் ஆஃப்செட் மட்டும்தான். ஈடி 55 வீலும் 32 மி.மீ. ஸ்பேசரும் சேர்ந்தால் ஈடி 23. அதே ஈடியில் பிறந்த வீலும் அதுவும் பேரிங்குக்கு ஒன்றுதான். ஸ்பேசரில் பயப்பட வேண்டியது வேறு: ஸ்டட் நீளம். 14 மி.மீ. ஸ்டட்டில் நட் குறைந்தது 14 மி.மீ. ஆழமாவது ஏற வேண்டும். ஸ்பேசர் தடிமன் கூடும்போது அந்த ஆழம் அப்படியே குறைகிறது. நீள ஸ்டட் போடாமல் ஸ்பேசர் மட்டும் செருகுகிறவர்களோடு நான் பேச்சே வைத்துக்கொள்வதில்லை. அப்புறம் நட்டின் வடிவம்: போர்ஷே வீலில் நட் உட்காரும் இடம் உருண்டை, மற்றவர்கள் செய்யும் வீல்களில் பெரும்பாலும் கூம்பு. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் ஒரு மெல்லிய வளையம்தான் தொடும். முறுக்கும்போது டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பானர்) 130 நியூட்டன் மீட்டர் காட்டி 'டிக்' என்று சொல்லிவிடும், நாமும் நம்பிவிடுவோம்.

முன் வீலை வெளியே தள்ளுவதில் இன்னொன்று. ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம், வீல் எவ்வளவு வெளியே வருகிறதோ அவ்வளவு மாறும். 911-இன் ஸ்டியரிங் கையோடு பேசும் என்று சொல்லிச் சொல்லி நீதான் என்னை அந்தக் காரின் பக்கம் இழுத்தாய். அதைக் கெடுக்கச் சுலபமான வழி முன் வீலை அளவுக்கு மேல் வெளியே தள்ளுவது. குழி குழியாகக் கையில் உதைக்கும், ஒரு பக்க வீல் ஈரத்தில் இருக்கும்போது பிரேக் பிடித்தால் இழுக்கும். 6-இலிருந்து 7-க்குப் போனால் நடுக்கோடு 12.7 மி.மீ. மட்டும் நகர்கிறது, அது தாங்கும். பின்னால் 7-இலிருந்து 8-க்கும் அதே 12.7. இரு பக்கமும் சேர்த்து முன்னும் பின்னும் தடம் 25.4 மி.மீ. சமமாக விரிகிறது. காரின் சமநிலை கலையாது.

பின்னால் அகலம், முன்னால் குறைவு என்ற வழக்கத்தை விடாதே. முன்னாலும் 225 மி.மீ. அகல டயர் போடலாமா என்று கேட்டிருக்கிறாய், வேண்டாம். என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற கார் இது. ஆரம்பத்தில் நான்கு வீலும் ஒரே அளவில்தான் வந்தன. முன்னும் பின்னும் வேறு வேறு அகலத்தோடு விற்பனைக்கு வந்த முதல் 911, 1973-இன் கரேரா ஆர்எஸ் 2.7: முன்னால் 6 இன்ச்சில் 185/70 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம்), பின்னால் 7 இன்ச்சில் 215/60, இரண்டும் 15 இன்ச் ரிம். உன் எஸ்சிக்கும் அதே அளவுகள்தான் வந்தன. முன் பிடிப்பை மட்டும் கூட்டினால், வளைவில் நாம் பயந்து ஆக்சிலரேட்டரை விடும்போது பின்பக்கம் சுற்றி வருவது இன்னும் சுலபமாகும்.

விட்டத்தைப் பொறுத்தவரை 17-இல் குறையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், மகன் என்னைப் பழமைவாதி என்று நினைக்கக் கூடாது. 185/70-15-இன் விட்டம் 640 மி.மீ. 205/50-17-இன் விட்டம் 637, பின்னால் 255/40-17 போட்டால் 636. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. மாறுவது பக்கச்சுவர்: 129-இலிருந்து 102-க்கு இறங்குகிறது. அந்த 27 மி.மீ. ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அடியை இனி உன் டார்ஷன் பாரும் முதுகும் வாங்கும். அந்தக் காலத்துச் சஸ்பென்ஷன் உயரமான, மெத்தென்ற டயரை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. அதோடு ரிம் பெரிதாகும்போது எடை மையத்திலிருந்து விலகிப் போகிறது. ஃபூக்ஸ் அடித்துச் செய்த வீல், வார்த்ததல்ல. அந்த இலகுவை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. பார்வைக்கும் அந்த வளைவுக்குள் 17 கொஞ்சம் வண்டிச்சக்கரம் மாதிரிதான். இது என் ரசனை, சண்டைக்கு வராதே.

ஆக, என் தேர்வு: 16 இன்ச். முன்னால் 7, ஈடி 23.3, டயர் 205/55. பின்னால் 8, ஈடி 10.6, டயர் 225/50. விட்டம் இரண்டும் 632-க்குப் பக்கத்தில், பழையதைவிட ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு, அவ்வளவே. பின்னால் 245/45 போடவும் 8 இன்ச் ரிம் இடம் கொடுக்கும், ஆனால் உன் என்ஜினுக்கு 225 தாராளம். 15-இலேயே இருக்க ஆசைப்பட்டால் பிரெல்லியின் சிஎன்36 அந்தப் பழைய அளவுகளில் இன்றும் கிடைக்கிறது. ஆனால் 185/70 டயரை 7 இன்ச் ரிம்மில் ஏற்றாதே, 6-தான் அதன் எல்லை. 15-இல் 7, 8 அகலத்துக்கு 205/50, 225/50 என்று போகிறவர்கள் உண்டு. அதில் பின் விட்டம் 606-க்கு இறங்கும், கியர் ஐந்து சதவீதம் குட்டையாகும். மலைப்பாதைப் பந்தயத்துக்கு அது வரம், நெடுஞ்சாலையில் காது வலி.

எதையும் வாங்கும் முன் ஒரு நாள் உட்கார்ந்து அள. காரைத் தூக்கி வைத்து அளக்காதே. தரையில் நிற்க வைத்து, பெட்ரோல் பாதியாவது இருக்க, நீ ஓட்டுநர் இருக்கையில் இருக்கும்போது மகன் அளக்கட்டும். ஃபெண்டர் விளிம்பிலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால் ரிம்மின் வெளி விளிம்பு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று உடனே தெரியும். உள்பக்கம் பார்க்க, டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு உருண்டை ஒட்டிவிட்டு, மெதுவாக ஒரு வட்டம் ஓட்டிவிட்டு வா. நசுங்கியதைப் பிளேடால் குறுக்கே வெட்டினால், மிச்சமிருக்கும் தடிமன்தான் உன் இடைவெளி. முன்னால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்தும் பார்க்க வேண்டும். முன்னால் டயர் உரசினால் பெரும்பாலும் அங்கேதான் உரசும், நேராக நிற்கும்போது அல்ல.

அளவு நாடாவைப் பிடிக்கும்போது ஒரு பிசகு நடக்கும். 7 இன்ச் ரிம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். வெளியே விளிம்போடு அளந்தால் ஏறக்குறைய 8 வரும். விளிம்பிலிருந்து ஹப் பரப்பு வரை அளந்த எண்ணை மேலே சொன்ன 112.2-உடன் நேராக ஒப்பிட்டால் ஒரு அரை இன்ச் கணக்கில் காணாமல் போகும். டயரும் அப்படித்தான்: ரிம் அரை இன்ச் கூடினால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. கூடும்.

ஃபெண்டர் உள் விளிம்பை மடக்குவது பற்றிக் கேட்டிருந்தாய். மடக்கலாம், வெட்டக் கூடாது. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுகிற வேலை அது. பின்பக்கம் மடக்கவே தேவைப்படாது என்று நினைக்கிறேன். அந்த சஸ்பென்ஷன் அமுங்கும்போது வீலின் மேற்பகுதி உள்ளே சாய்ந்துகொள்ளும்.

பிரேக் மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடிவு செய். ஆஃப்செட் ஒன்றாக இருந்தாலும் ஸ்போக்கின் உள்வளைவு வீலுக்கு வீல் வேறுபடும். பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பர் இடிப்பது அங்கேதான். மகன் பார்த்த வீல்களோடு டயரும் வருகிறது என்றால் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பார்க்கச் சொல். 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம். டயரின் காடி (பள்ளம்) இன்னும் ஆழமாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் அது தூக்கிப்போட வேண்டிய டயர்.

முன் இடைவெளி அளவுகளை மட்டும் தனியாக எழுதி அனுப்பு, இடது வலது இரண்டும். வித்தியாசம் இருந்தால் ஆச்சரியப்படாதே, அந்தக் கார்களில் அது சகஜம். குறைந்த பக்கத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். மகனிடம் நான் 17-க்கு எதிரி இல்லை என்றும் சொல், அவன் சொந்தமாக ஒரு 993 வாங்கும்போது பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்