திருக்குளக் கரைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

ஆலய பரிபாலன சபை அங்கத்தவர்களுக்கும் உபயகாரர்களுக்கும் வணக்கம்.

கடந்த கார்த்திகை மழையில் நமது திருக்குளத்தின் கீழைக்கரை 40 அடி நீளத்துக்குச் சரிந்தது எல்லோருக்கும் தெரியும். வைகாசி விசாகம் கழிந்து தொடங்கிய திருத்த வேலை ஐப்பசி பிறக்க முன் முடிந்துவிட்டது. இதுவரை பெய்த மழைக்குக் கசிவு இல்லை. கார்த்திகை மழையையும் பார்த்த பிறகே நிம்மதியாக மூச்சுவிடலாம்.

கரை ஏன் சரிந்தது என்று பலர் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லும்போது நாமும் கொஞ்சம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. 2008இல் நிஷா புயல் யாழ்ப்பாணத்தையே வெள்ளக்காடாக்கியபோது இதே கரை அசையவில்லை. அப்போது அதன் மேல் நான்கு பழைய இலுப்பைகள் நின்றன. 2013இல் வெளிவீதியை அகலிக்க அவற்றை வெட்டினோம். அந்தத் தீர்மானத்தில் கையெழுத்திட்ட மூவர் இன்றைய சபையிலும் இருக்கிறோம். மரம் விழுந்த மறுநாளே கரை இடிந்திருந்தால் புத்தி வந்திருக்கும். ஆனால் வேர் உடனே உக்காது. முதலில் மண்ணை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய வேர்கள் போகும், அப்புறம் தடித்த வேர்கள் போகும். அதற்குச் சில வருடங்கள் எடுக்கும். கரையை வெட்டித் திறந்தபோது, உக்கிய வேர் இருந்த இடமெல்லாம் கை நுழையும் அளவுக்குக் குழாய் போலப் பொந்துகள். குளத்துத் தண்ணீர் அவற்றுக்குள்ளால் ஓடி, உள்மண்ணை அரித்து வெளியே கொண்டுபோயிருக்கிறது.

இலுப்பைக்குப் பதிலாக நாம் வைத்த தேக்கும் உதவவில்லை. தேக்கின் அகன்ற இலையில் மழை சேர்ந்து பெருந்துளியாகி விழும். கீழே புல்லும் சருகும் இருந்தால் அந்த அடியைத் தாங்கும். நாமோ கோயில் வீதி துப்புரவாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்குமாறு போட்டுக் கரையையும் கூட்டினோம். மரம் நிமிர்ந்து நிற்க, மேல்மண் மழைக்கு மழை கழுவுண்டு போனது. வேர் வெளியே தெரியத் தொடங்கியபோதாவது கவனித்திருக்க வேண்டும்.

இனி வேலை விபரம். உக்கிய வேர்களை அடிவரை தோண்டி எடுத்து, செம்மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, நனைத்து, இடித்து இறுக்கினோம். முதலில் வந்த மூன்று லோட் மண்ணில் கல்லும் மணலும் அதிகம். இறக்கவிடாமல் திருப்பி அனுப்பினோம். அதில் ஒரு வாரம் வீணானது. செங்குத்தாக நின்ற வெளிச்சரிவைச் சாய்வாக்கினோம். உட்பக்கம் கல் பதித்தோம்.

எதை நடுவது என்பதில்தான் கூட்டம் இரவு பத்து மணிவரை நீண்டது. வடமராட்சிக் கடலோரக் கிராமமான மணல்காட்டில் சவுக்கு மணலைப் பிடித்து வைத்திருப்பதுபோல இங்கும் சவுக்கு வைப்போம் என்றார் ஓர் ஐயா. பாதி மணலில் புதைந்த பழைய தேவாலயத்தை அங்கே பார்த்தவர்களுக்கு அவர் சொன்னதன் நியாயம் புரியும். ஆனால் அங்கே எதிரி காற்று, இங்கே தண்ணீர். எந்த மரமானாலும் கரையின் மேல் வைத்தால், அது பட்டுப்போகும் நாளில் மறுபடி பொந்துதான். ஆகவே வெளிச்சரிவில் வெட்டிவேரை நெருக்கமாக வரிசை பிடித்து நட்டோம். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும். இடையில் அறுகு. இலுப்பை, மருதுக் கன்றுகள் கரை அடியிலிருந்து 20 அடி தள்ளி நிற்கின்றன. இங்கே சில அடி தோண்டினாலே சுண்ணாம்புக்கல் முட்டும். வேர் ஆழம் போகாமல் பரவினால் சோழகக் காற்றுக்கு மரம் சாயும். அதனால் ஒவ்வொரு குழியையும் பாறை வெடிப்புள்ள இடம் பார்த்தே தோண்டினோம்.

எல்லையோரம் 120 பனம்விதை போட்டிருக்கிறோம். பனை வேர் கயிறு கயிறாகப் பரவும். ஆல், அரசு வேர்களைப் போல வருடத்துக்கு வருடம் பருத்து மதிலைப் பிளக்காது. தீர்த்தப் படியின் கல்லிடுக்கில் முளைத்திருந்த அரசை, குருக்கள் ஐயா பூசை செய்த பின் வேரோடு கிளப்பி வடக்கு வீதியில் நட்டோம். ஒரு படிக்கல்லை அது ஏற்கனவே நெம்பிவிட்டிருந்தது. அதையும் சரிசெய்தாயிற்று.

மொத்தச் செலவு 11 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. சிரமதானத்துக்கு வந்தவர்களின் கூலியைச் சேர்த்தால் இன்னும் கூடும். மிகுதி 26 ஆயிரத்தைக் கோடையில் கன்றுகளுக்குத் தண்ணீர் விட ஒதுக்கியிருக்கிறோம். பற்றுச்சீட்டுகள் அலுவலக அறையில் உள்ளன, எவரும் பார்க்கலாம்.

இரண்டு வேண்டுகோள். கரையை இனி யாரும் கூட்ட வேண்டாம், சருகு கிடக்கட்டும். தை, மாசியில் எல்லையோரம் பனங்கிழங்கு கிண்டவும் வேண்டாம். அது வடலிக்காக, அதாவது இளம் பனையாக வளரட்டும் என்று போட்ட விதை. கிழங்கு தேவையானவர்களுக்கு மடப்பள்ளிக்குப் பின்னால் தனியாக ஒரு பாத்தி போட்டிருக்கிறோம்.