விழாக்காலத் தற்காலிக மின்னிணைப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியின் கோயில் திருவிழாக்களுக்கு இழுவைப் பெட்டியில் ஐஸ்கிறீம் கடையை இழுத்துச் செல்பவன் நான். சென்ற ஆண்டு ஒரு விழாவில், மும்முனை (த்ரீ பேஸ்) இணைப்பிலிருந்து எங்களுக்குப் பிரித்துத் தந்த வயரில், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பியான நியூற்றலின் முறுக்கு தளர்ந்ததும், கடை விளக்குகள் வழமைக்கு மாறாகப் பளீரென எரிந்தன; குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் கருகிய மணம் எழுந்தது. நியூற்றல் அறுந்தால், 230 வோல்ற் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ற்றை நெருங்கும் அழுத்தம் வரலாம் என்பதைப் பழுதுபார்ப்புக் கூலியைக் கொடுத்த பின்னரே அறிந்தேன்.

கடைகளில் மலிவாக விற்கும், பிளக்குகளைச் செருகும் பாதுகாப்புப் பலகை மின்னலால் வரும் நொடிநேர மின்னழுத்த ஏற்றத்தையே ஓரளவு உறிஞ்சும். நிமிடக்கணக்கில் நீடிக்கும் உயரழுத்தத்தில் அதுவே எரிந்துபோகும். அழுத்தத்தை அளந்து இணைப்பைத் துண்டித்து, சீரானபின் சில நிமிடங்கள் தாமதித்து மீண்டும் இணைக்கும் கருவியே நமக்குத் தேவை. அந்தத் தாமதம் குளிர்சாதனப் பெட்டியை இயக்கும் கம்பிரசருக்கு மிக அவசியம். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பார்கள். அது மின்கசிவுக்கானது, அழுத்தத்தை அது அறியாது.

சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் மாலைகளில் பிளக்கைக் கழற்றிவிடுவதை விடச் சிறந்த காப்பு இல்லை. விழா ஏற்பாட்டாளர்கள், கடைகளுக்கு இணைப்பு வழங்குமுன், தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு நியூற்றலையும் நிலத்தொடுப்பையும் (எர்த்) பரிசோதிக்க வேண்டும். அதற்கான செலவைக் கடை வாடகையோடு சேர்த்து அறவிட்டாலும் மறுக்கமாட்டோம்.

இங்ஙனம்,
நடமாடும் கடை உரிமையாளர்,
மாங்குளம்.