பந்திக்கு முந்தலாம், படைக்குப் பிந்தணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சரித்திரப் போர் கேம் பத்தி அரைப்பக்கத்துக்கு கட்டுரை போட்டிருந்தீங்க. நம்ம பேப்பர்ல இதெல்லாம் வர ஆரம்பிச்சிருச்சேன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, டீக்கடையில நாலு பேர்கிட்ட காட்டக்கூட செஞ்சேன். ஆனா அதுல ஒரு இடத்துல, படை மொத்தத்தையும் செலக்ட் பண்ணி எதிரி மேல கிளிக் பண்ணா போதும், மத்தபடி விரல் வேகமா இருக்கறவன் ஜெயிப்பான்னு எழுதியிருந்தாங்க பாருங்க, அதப் படிச்சதுலேர்ந்து கை அரிச்சுக்கிட்டே இருக்கு. எனக்கு வயசு 47. திருவாரூர் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், பகல்லாம் சிட்டா அடங்கல் எடுத்துக் குடுக்கறது, ராத்திரி ஷட்டர இறக்குனப்பறம் அதே கம்ப்யூட்டர்ல ஒரு ஆட்டம். விரல் வேகம்லாம் நமக்கு கிடையாது, அடைமழை நேரத்துல வலது மணிக்கட்டு வேற புடிச்சுக்கும். அப்படியும் அக்கா பையன நாலு ஆட்டத்துக்கு மூணு ஆட்டம் ஜெயிச்சுடறேன், அவன் வெரலு மிருதங்கம் வாசிக்கற மாதிரி போகும்.

நாங்க ஆடறது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999ல வந்தது, 2019ல புதுசா மெருகு போட்டு விட்டாங்க, 2022ல வந்த பகுதியில திராவிடர்னு ஒரு அணிய சேத்தாங்க, ராஜேந்திர சோழன் கதை இருக்கு, அதிசயம்னு ஒரு பெரிய கட்டடம் இருக்கு, அத கட்டுனா நம்ம தஞ்சாவூர் பெரிய கோயிலே எழும்பி நிக்கும். சரி விஷயத்துக்கு வரேன். அந்த கேம்ல ஃபார்மேஷன், அதாவது அணிவகுப்பு, போட்டு நடக்க விட்டா கூட்டத்துலயே யாரு மெதுவோ அவன் வேகத்துலதான் எல்லாரும் நடப்பாங்க. பையனுக்கு அது பொறுக்காது. "மாமா, இந்த கல்லு வீசுற மிஷின் ஊர்ந்துகிட்டு கெடக்கு, அதுக்காக என் குதிரையும் ஊரணுமா"ன்னு குதிரைய தனி குரூப்பா பிரிச்சு முன்னாடி அனுப்பிருவான். நான் வேல்காரங்கள நிறுத்தி வெச்சு காத்திருப்பேன், வேலுக்கு குதிரைன்னா அல்வா, அது முடிஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சு அவன் காலாள் மூச்சு வாங்க வரும், அதையும் முடிச்சப்பறம் யானை வரும், கடைசியா அந்த மிஷின் மட்டும் துணைக்கு ஒரு ஆள் இல்லாம தனியா வந்து நிக்கும், பாக்கவே பாவமா இருக்கும். அவன்கிட்ட என்ன விட ஆள் அதிகம்தான். ஆனா நான் எந்த நேரத்துலயும் அவன் படையில கால்வாசியோடதான் சண்டை போட்டேன்.

இத அவனுக்கு புரிய வெக்க நான் கேம காட்டல, தை மாசி அறுவடை முடிஞ்சு எங்க ஊர் தாளடி வயல்ல வாத்து மேய்க்க வர்றவர காட்டுனேன். ஒரே ஆளு, ஒரு நீளக் குச்சி, வாத்து ஆயிரத்துக்கு மேல இருக்கும். அவரு முன்னாடி நடக்கவே மாட்டாரு. பின்னாடிதான். காலு நொண்டுற வாத்து ஒண்ணு ரெண்டு கடைசில வரும் பாருங்க, அது நடக்கற வேகம்தான் மொத்த கூட்டத்துக்கும் வேகம், முன்னாடி போறது ஓடுச்சுன்னா குச்சிய நீட்டி ஒரு தட்டு. மதகு மேல கடக்கும்போது மட்டும் கூட்டத்த ஒடுக்கி நீளமா ஆக்குவாரு, வயல்ல எறங்குனதும் பரத்தி விடுவாரு. இதத்தான் சார் நீங்க கட்டுரையில எழுதியிருக்கணும். எதிரி கண்ணுல படற வரைக்கும் வாத்து நடை, அங்க நிறுத்தி மூச்சு வாங்கி அணிய சரி பண்ணு, அதுக்கப்பறம் குதிரைய அவுத்து விடு.

அந்த கேம்ல நாலு அணிவகுப்பு இருக்கு. லைன் போட்டா அடி தாங்குறவன் முன் வரிசைல, அம்பு விடறவன் பின்னாடி. பாக்ஸ் போட்டா பலசாலிங்க சுத்தி நின்னுக்குவாங்க, நடுவுல நோஞ்சான். மூணாவது ஆள் ஆளா எடவெளி விட்டு பரந்து நிக்கறது, எதிரிகிட்ட கல்லு வீசுற மிஷின் இருந்தா இது இல்லாம கிட்ட போகாதீங்க, நெருக்கமா நின்னா ஒரே கல்லுல பத்து பேரு காலி. நாலாவது படைய ரெண்டா பொளந்து ரெண்டு பக்கம் அனுப்பறது, அத நான் அதிகம் தொடறதில்ல. இதோட நிக்காம ஒவ்வொருத்தன் கொணத்தையும் வேற செட் பண்ணணும், பாக்கறவன எல்லாம் தொரத்தறதா, கொஞ்ச தூரம் போய்ட்டு திரும்பறதா, நின்ன எடத்த விட்டு நகராம அடிக்கறதா, அடிக்கவே கூடாதான்னு. வில்லுக்காரன எப்பவும் நின்ன எடத்துல நில்லுன்னு வெச்சுருங்க, இல்லன்னா ஒருத்தன் பின்னாடி ஓடிப்போய் எதிரி கோட்டை வாசல்ல மாட்டிக்குவான். கல்லு மிஷின தன் இஷ்டத்துக்கு விட்டா அது நம்ம ஆளு எதிரியோட கட்டிப் பொரண்டுகிட்டு இருக்கற எடத்துலயே கல்ல போடும், இந்த கேம்ல நம்ம கல்லு நம்ம ஆளையும் கொல்லும், ஒருதடவ அப்படி ஜெயிக்க வேண்டிய சண்டைய நானே தோத்தேன், பையன் ஒரு வாரம் சிரிச்சான்.

பந்திக்கு முந்து படைக்குப் பிந்துன்னு சொல்றத பயந்தாங்கொள்ளிப் பேச்சுன்னு சின்ன வயசுல நெனச்சுக்கிட்டிருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னாடி போற அதே வலது கை நாண இழுக்கறப்ப பின்னாடி போவுது, அதத்தான் சொல்றாங்கன்னு எங்க தமிழ் வாத்தியார் சொன்னாரு. எது எப்படியோ, கேம்ல வில்லுக்காரனுக்கு இத விட நல்ல விதி கிடையாது.

டோட்டல் வார் வகை கேம் பத்தி உங்க கட்டுரையில ஒரு வார்த்த கூட இல்ல, அதுதான் ஆச்சரியம். 2004ல வந்த ரோம், 2006ல வந்த மெடீவல் 2, ரெண்டையும் சாதாரண கம்ப்யூட்டர்லயே ஓட்டலாம். ஒரு படைக்கு அதிகபட்சம் 20 பிரிவு. பிரிவ செலக்ட் பண்ணி ரைட் கிளிக்க அழுத்திப் புடிச்சு இழுத்தா எவ்வளவு அகலத்துக்கு நிக்கணும், எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னு கோடு போட்டுக் காட்டிடலாம், ஆட்டத்த அப்படியே நிறுத்தி வெச்சுட்டு நிதானமா ஆர்டர் குடுக்கலாம், இதுல விரல் வேகத்துக்கு என்ன வேலை சொல்லுங்க. ஆனா அகலமா நிறுத்துன வரிசைய கடைசி நிமிஷத்துல திருப்பப் பாக்காதீங்க. எங்க ஊர் ஆழித்தேரு மூலை திரும்பறத பாத்தவங்களுக்கு இது தெரியும், முட்டுக்கட்டை போடறவங்க ஒரு பக்கம், வடம் புடிக்கறவங்க ஒரு பக்கம், நேர் வீதியில சரசரன்னு வந்த தேரு அங்க எவ்வளவு நேரம் எடுத்துக்குது. வரிசையும் அப்படித்தான், உள்பக்கம் நிக்கறவன் நின்ன எடத்துலயே திரும்பிருவான், வெளிப்பக்கம் இருக்கறவன் ஓடணும், அந்த நேரம் பாத்து பக்கவாட்டுல குதிரை வந்து விழுந்தா மனசு ஒடஞ்சு ஓட்டம்தான். நீள ஈட்டி வெச்சு நெருக்கமா நிக்கற கிரேக்கப் படை முன்பக்கம் மலை, பின்பக்கம் வெறும் தட்டி.

இந்த மனசு ஒடையறதுதான் அதுல பெரிய விஷயம். ஆளு சாகறதுக்கு முன்னாடியே ஓடிருவாங்க, சேனாதிபதி செத்தா மொத்த படைக்கும் தைரியம் கொறையும். கேம்காரன் கற்பனைன்னு நெனைக்காதீங்க. வீரநாராயண ஏரிக்கு பேரு குடுத்த பராந்தக சோழனோட மகன் ராஜாதித்தன் 949ல தக்கோலத்துல நடந்த போர்ல யானை மேல இருந்தபடியே செத்தாரு, சோழப்படை தோத்துச்சு, மறுபடி தலை தூக்க எத்தன வருஷம் ஆச்சு. நூறு வருஷம் கழிச்சு, 1054 வாக்குல, கொப்பத்துல நடந்த போர்ல சோழ ராஜா ராஜாதிராஜனும் அதே மாதிரி யானை மேலயே செத்தாரு, படை ஒடைய ஆரம்பிச்சுது, ஆனா அங்க தம்பி ரெண்டாம் ராஜேந்திரன் உள்ள எறங்கி தாங்கிப் புடிச்சு ஜெயிச்சு போர்க்களத்துலயே முடி சூட்டிக்கிட்டாரு. அதனால நான் எப்பவும் சேனாதிபதிய வரிசைக்குப் பின்னாடி, எல்லாரும் பாக்கற தூரத்துல வெச்சிருப்பேன், கூட நல்ல குதிரைப் பிரிவு ஒண்ண வேலை குடுக்காம சும்மா வெச்சிருப்பேன். சும்மா நிக்கறத பாத்தா பையனுக்கு எரியும். எங்க ஒடையுதோ அங்க போறதுக்குத்தான்டா அதுன்னா கேக்க மாட்டான்.

குரூப் பிரிக்கறதும் நமக்கு புதுசு இல்ல. கண்ட்ரோல் கீய அழுத்தி 1, 2, 3ன்னு நம்பர் போட்டு வெச்சுக்கிட்டா அந்த நம்பர தட்டுனதும் அந்தப் படை கைக்கு வரும். பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் காலத்துப் படைங்களுக்கு தனித்தனியா பேரு இருக்கு, ஆனையாட்கள், குதிரைச்சேவகர், பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள்னு. தெரிந்தன்னா தேர்ந்தெடுத்த. அதாவது செலக்ட் பண்ண வில்லுக்காரங்க! பையன்கிட்ட இத சொன்னப்ப வாயப் பொளந்துட்டான், இப்ப அவன் 2ஆம் நம்பருக்கு வில்லிங்கன்னுதான் பேரு.

கடைசியா ரெண்டு வேண்டுகோள். அந்த திராவிடர் அணி சிப்பாய்ங்க தமிழ்ல பேசறானுங்க, ஆனா மெனு தமிழ்ல கிடையாது, எங்க கடைக்கு வர்ற பசங்க பாதிப் பேரு எந்த பட்டன் எதுக்குன்னே தெரியாம ஆடறாங்க. வாரம் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியா இத தமிழ்ல போடுங்க, ஒரு வாரம் அணிவகுப்பு, ஒரு வாரம் யானை எப்படி ஓட்டறதுன்னு. முன் படைக்கு தார், பின் படைக்கு கூழைன்னு பழைய தமிழ்லயே வார்த்த இருக்கு, எடுத்துப் போட்டா பசங்க புடிச்சுக்குவாங்க. ரெண்டாவது, கட்டுரையில பெருசா போட்ட படத்துக்கு கீழ சாட்டை வீரர்னு அச்சடிச்சிருந்தீங்க. அது சாட்டை இல்லீங்க, சாட்டை மாதிரி வளையற உருமி வாள். நம்ம பக்கம் சிலம்பம் சொல்லிக்குடுக்கற வாத்தியார் யாரக் கேட்டாலும் சுருள்வாள்னு சொல்லுவாரு. முதல் வீச்சுல பக்கத்துல நிக்கறவனையும் சேத்து வெட்டும், அத போய் மாட்டுக்காரன் கையில குடுத்துட்டீங்க.

இப்படிக்கு
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்
திருவாரூர் மாவட்டம்