கலுங்குப் பக்கம் ராத்திரியில் போகவேண்டாம், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கல் முடிந்துதான் கைக்கு வந்தது. போனில் பேசினால் காது சரியாகக் கேட்பதில்லை, பாதியை அம்மாதான் திருப்பிச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். தீபாவளியிலிருந்து ஒரு வரிகூட எழுதாத என்னை என்ன திட்டினாலும் சரி.

இங்கே வெஸ்ட் வர்ஜீனியாவில் குளிர் பலமாக இருக்கிறது. வீட்டில் ஹீட்டர் உண்டு. ரொம்பச் சூடு உடம்புக்கு ஆகாது என்று குறைத்தே வைத்திருக்கிறேன்.

குழிக்குள் இறங்குகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாளாம். இல்லை. இது திறந்தவெளிச் சுரங்கம், மலையை மேலிருந்து வெட்டிக் கரி எடுக்கிறார்கள். என் வேலை தண்ணீரும் ரோடும். கேட்டால் சிரிப்பீர்கள், நம் கண்மாய்க்கு நீங்கள் காசு வாங்காமல் பார்த்த வேலைதான் அது. வெட்டிப்போட்ட மண் மழையில் கரைந்து ஓடைக்குப் போய்விடக் கூடாது. அதற்காகச் சரிவில் வாய்க்கால் வெட்டிக் கல் பாவி, கீழே ஒரு குளத்தில் தண்ணீரை நிறுத்துவார்கள். மண் அடியில் தங்கிவிடும், தெளிந்தது கலுங்கு வழியாக வெளியே போகும். கரையில் விரிசல், கசிவு, எலி வளை இருக்கிறதா, கலுங்கில் கட்டையும் இலையும் அடைத்திருக்கிறதா, எல்லாம் நடந்து பார்த்து எழுதவேண்டும். கரையில் மரம் முளைத்தால் வெட்டச் சொல்லவேண்டும், வேர் வழியாகத் தண்ணீர் தடம் பிடித்துவிடும். சில இடத்தில் தண்ணீர் துரு நிறத்தில் கசியும். பாறையில் இருக்கிற கந்தகமும் இரும்பும், காற்றும் தண்ணீரும் படும்போது அமிலமாகிறது. வெளியே விடுகிற தண்ணீரில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6-க்கும் 9-க்கும் நடுவில் நிற்கவேண்டும். 1977-இல் வந்த சட்டப்படி அரசாங்க ஆட்களும் மாதாமாதம் வந்து பார்ப்பார்கள்.

குளத்தைத் தூர்வாரவும் செய்கிறார்கள். அந்த மண்ணைத்தான் யாரும் கேட்பதில்லை. நாம் வண்டலை வண்டி வண்டியாக மிளகாய்க் கொல்லைக்கு அடித்தோமே!

லாரி டயர் என்னைவிட உயரம். ரோட்டில் பள்ளத்துப் பக்கம் மண்வரப்பு போட்டிருப்பார்கள், அது பெரிய லாரியின் அச்சு உயரத்துக்குக் குறையக் கூடாது. ரோட்டுக்கு அடியில் போகிற குழாய் ஒன்று அடைத்தால் போதும், ஒரே மழையில் ரோடு கீழே போய்விடும்.

பக்கத்து வீட்டுக் கிழவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மான் வேட்டைக்குப் போவார். ஒருநாள் கறி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அனுப்பிய முண்டு வத்தலை அரைத்துக் குழம்பு வைத்தேன். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் கிண்ணத்தோடு வந்து நிற்கிறார். அவர் அடிக்கடி ஒன்றைச் சொல்வார். இங்கே லோகன் மாவட்டத்தில் பஃபலோ க்ரீக் என்று ஒரு பள்ளத்தாக்கு. 1972 பிப்ரவரி 26 காலை அங்கே கரிக்கழிவுத் தண்ணீரைத் தேக்கிய அணை உடைந்து சுமார் 50 கோடி லிட்டர் இறங்கி, 125 பேர் போய்விட்டார்கள். அதற்கு நாலு நாள் முன்னால்தான் ஆய்வாளர் ஒருவர் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனாராம். கிழவர் அதைச் சொல்லும்போது என் கையிலிருந்த நோட்டையே பார்ப்பார். அதிலிருந்து ‘நன்று’ என்று எழுதும் முன் இன்னொரு முறை கரையைச் சுற்றி வருகிறேன்.

போன வாரம் குளத்தில் உறையாத மூலையில் ஒரு நாரை நின்றது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று நீங்கள் ராஜசிங்கமங்கலம் கண்மாயைக் காட்டிச் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். யாரிடம் சொல்வது, சொன்னால் யாருக்குப் புரியும்?

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகை மழையில் ராத்திரி டார்ச்சும் மணல் மூட்டையுமாகக் கலுங்குக்குப் போனீர்களாமே. அப்பா, இந்த வயதில் அது வேண்டாம். இளவட்டங்கள் இருக்கிறார்கள், காலையில் பார்த்துச் சொல்லுங்கள் போதும். கண்மாய் உள்வாயில் சீமைக்கருவேலை வெட்ட ஆளுக்கு இவ்வளவு என்று வரி வைத்தால் நம் பங்கை நான் தருகிறேன், மேலத்தெரு சித்தப்பா தராவிட்டாலும் பேச்சை வளர்க்கவேண்டாம்.

இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவு. கார் டயர் மாற்றினேன், வேறொன்றுமில்லை. தங்கச்சி கல்யாணத்தை வைகாசியில் வைக்கத் தொண்டிக்காரர்கள் கேட்டால் ஆவணி என்று சொல்லுங்கள். எனக்கு லீவு அப்போதுதான் தோதாக இருக்கும். நகைக்கு உப்பூர் மாமாவிடம் இப்போதைக்குக் கை நீட்டவேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்.

தை அமாவாசைக்கு அப்பத்தாவுக்குத் தேவிபட்டினத்தில் திதி கொடுப்பீர்கள். என் பேரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முதல் பறிப்பில் இரண்டு கிலோ வத்தல் காயவைத்து அனுப்ப முடியுமா என்று அம்மாவிடம் கேளுங்கள், காம்பைக் கிள்ளவேண்டாம். காது டாக்டரிடம் போகிற நாளைத் தங்கச்சியை எனக்கு மெசேஜ் போடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்